கட்அவுட்டுக்குப் பால்! கால்வாய்க்கு யார்?

 

பயானுக்குப் போகிற ஊர்களில் எல்லாம், கூட்டம் முடிந்ததும் நாலைந்து இளைஞர்கள் சுற்றி நின்றுகொள்வார்கள். முதல் கேள்வி எதைப் பற்றி இருந்தாலும் மூன்றாவது கேள்வி சினிமாவில் வந்து நிற்கும். "ஹஜ்ரத், அந்த நடிகர் கட்சி ஆரம்பித்திருக்கிறாரே, நம் சமுதாயம் என்ன முடிவு எடுக்கப் போகிறது?" என்பார் ஒருவர். "இந்தப் படத்தில் நம்மை இப்படிக் காட்டியிருக்கிறார்களே, நீங்கள் எல்லாம் ஏன் சும்மா இருக்கிறீர்கள்?" என்பார் இன்னொருவர். சினிமா பார்க்கலாமா, கூடாதா என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஆலிம்கள் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைத் திரும்பச் சொல்லி இந்தப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை.

நாம் சொல்ல வருவது வேறு. தியேட்டருக்குள் போகிறவன் இரண்டரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறான். தமிழ்நாட்டு அரசியலோ எழுபது ஆண்டுகளாகத் தியேட்டரைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறது. படத்தைக் கொண்டாடுகிறவனும் தியேட்டர் வாசலில் நிற்கிறான். படத்தைக் கண்டிக்கிறவனும் அதே வாசலில்தான் நிற்கிறான். இருவர் வீட்டு வாசலிலும் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் ஆளே இல்லை! இந்த ஒன்றைப் பற்றித்தான் உங்களோடு மனம் விட்டுப் பேச வேண்டும்.

ஏழை ஏமாளியா?

சினிமாக்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்த தமிழர்களை ஏமாளிகள் என்று வடக்கே இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் நமக்கு உடன்பாடு இல்லை. நடந்தது என்ன என்று பாருங்கள்.

1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி' திரைக்கு வந்தது. 1952-ல் கலைஞர் வசனத்தில் 'பராசக்தி' வந்தது. ஆட்சி எப்போது வந்தது? 1967-ல்! நடுவில் பதினைந்து ஆண்டுகள். அந்தப் பதினைந்து ஆண்டுகளும் வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்தார்கள். முடிதிருத்தும் கடைகளில் பத்திரிகையை உரக்கப் படித்தார்கள். தெருமுனைக் கூட்டம் போட்டார்கள், கிளை அமைத்தார்கள், சிறை சென்றார்கள். கூட்டணி பேசத் தெரிந்தது. காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக் உட்படப் பலரை ஓரணியில் சேர்த்தார்கள். திரை ஆளைக் கூட்டி வந்தது. அந்த ஆளைத் தொண்டனாக்கியது கிளைக்கழகம்.

எம்.ஜி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் 'படகோட்டி', 'தொழிலாளி'. 1967-ல் 'விவசாயி'. 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்'. எந்தத் தொழிலாளியை மேல்தட்டு மனிதர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லையோ, அவன் தொழிலையே படத்துக்குப் பெயராக வைத்தார்கள். வெயிலில் ரிக்‌ஷா இழுத்தவன் திரையில் தன்னையே கதாநாயகனாகப் பார்த்தான். அந்த மதிப்பை அதுவரை யாரும் அவனுக்குக் கொடுத்ததில்லை. அவன் ஏமாளி அல்லன். கிடைத்த மரியாதைக்கு நன்றி சொன்னான். 1972-ல் கட்சி தொடங்கியபோது ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்களே கட்சிக் கிளைகளாக மாறின. 1977-ல் ஆட்சி வந்தது. காமராஜர் காலத்தில் தொடங்கிய பள்ளி உணவு 1982-ல் சத்துணவாக விரிந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு.

ஆனால் சினிமா முகம் மட்டும் போதும் என்று நினைத்தவர்களுக்கு என்ன நடந்தது? நடிப்பில் நிகரில்லாதவர் என்று உலகமே ஒப்புக்கொண்ட சிவாஜி கணேசன் தனிக்கட்சி கண்டு 1989-ல் திருவையாற்றில் நின்றார், தோற்றார். விஜயகாந்த் 2006-ல் தனி ஆளாகச் சட்டமன்றம் போனார். 2011-ல் 29 பேரோடு எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2016-ல் அவர் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31-ல் வருகிறேன் என்றார். 2020 டிசம்பர் 29-ல் வரவில்லை என்றார். கமல்ஹாசன் 2021-ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார்.

ஆக, மக்கள் விவரமானவர்கள்தான். கைதட்டுவதற்கும் ஓட்டுப் போடுவதற்கும் இடையே அவர்கள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நம் கவலை எல்லாம் ஓட்டுப் போட்ட மறுநாளைப் பற்றியது. ஓட்டுப் போட்டதும் அவர்கள் மறுபடியும் ரசிகர்களாகிவிடுகிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை டிக்கெட் வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள்!

கூட்டம் என்னும் போதை

வேடிக்கை பார்ப்பதும் சில நேரம் உயிரைக் குடித்துவிடுகிறது. 2023 ஜனவரியில் பொங்கல் படங்கள் வெளியான நள்ளிரவில், கோயம்பேட்டில் தியேட்டர் எதிரே ஓடிய லாரியின் மேல் ஏறி ஆடிய பத்தொன்பது வயதுப் பிள்ளை கீழே விழுந்து இறந்துபோனான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகர் விஜய்யைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் மாண்டார்கள். பெண்கள் இருந்தார்கள், பால்குடி மறக்காத குழந்தை இருந்தது. யார் குற்றம் என்பதை விசாரணை சொல்லட்டும். அதில் கட்சி லாபம் தேடுவது நமக்கு வேண்டாத வேலை.

ஆனால் ஒன்றை மட்டும் கேட்க மனம் துடிக்கிறது. பல மணி நேரம், சோறு தண்ணீர் இல்லாமல், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் எதற்காக நின்றாள்? தன் தெருவுக்குக் குடிநீர் கேட்டா? மகனுக்கு வேலை கேட்டா? ஒரு முகத்தை ஒரு நிமிடம் பார்க்க நின்றாள். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. அரசியல் என்றால் போய்ப் பார்ப்பது என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். லாரி வைத்து ஆள் கூட்டாத கட்சி எது? பிரியாணிப் பொட்டலம் கொடுக்காத மாநாடு எது?

திருநின்றவூரிலிருந்து பாருங்கள்

இதை எல்லாம் கோட்டையிலிருந்து பார்த்தால் புரியாது. திருநின்றவூரிலிருந்து பார்த்தால் புரியும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் வழியில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டினால் திருநின்றவூர். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், ஆவடிக்குப் போகிறவர்கள், மூர் மார்க்கெட்டில் இறங்கிப் பாரிமுனைக் கடைகளுக்குப் போகிறவர்கள். இன்னொரு பக்கம் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கும் பெண் பிள்ளைகள்; ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சிலர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிலர். சென்னையில் வாடகை கொடுக்க முடியாமல் வந்தவர்கள், சீட்டுப் போட்டு அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவர்கள். பூணூல் போட்டவரும் தொப்பி போட்டவரும் சிலுவை அணிந்தவரும் ஒரே பெட்டியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஊருக்கு ஒரு பழங்கதை உண்டு. பூசலார் என்று ஓர் ஏழை. கோயில் கட்ட ஆசை. கையில் காசு இல்லை. மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, கோயில் கட்டி முடித்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சைவப் பெருமக்கள் போற்றும் கதை. அந்தப் பக்தியை நாமும் மதிக்கிறோம். அவரிடம் பொருள் இல்லை, மனத்தில் கட்டினார். நம்மிடம் ஓட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கேட்கும் உரிமை இருக்கிறது. அப்படி இருந்தும் நல்லாட்சியை மனத்திலும் திரையிலும் மட்டுமே கட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

திருநின்றவூர் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மழை வலுத்தால் ஏரியை ஒட்டிய பெரியார் நகர் போன்ற பகுதிகளில் தண்ணீர் புகுந்துவிடும். வடிய நாட்கள் ஆகும். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடுகிறது; அந்த வழியில் நாம் வீடு கட்டி இருக்கிறோம், மனை பிரித்து விற்றிருக்கிறார்கள், அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ரோட்டைப் பாருங்கள். பாடியிலிருந்து திருநின்றவூர் வரை சி.டி.எச். சாலையை அகலப்படுத்தும் பேச்சு பத்தாண்டுக்கு மேல் பேசப்பட்ட பேச்சு. கால்வாய், ரோடு, குப்பை, தெருவிளக்கு, கொசு. ஒரு மனிதனின் அன்றாட வாழ்க்கையில் பாதி இவைதாம்! இவற்றுக்குப் பொறுப்பு யார்? முதலமைச்சரா? பிரதமரா? முதல் பொறுப்பு உள்ளாட்சிக்குத்தான்.

அந்த உள்ளாட்சிக்கு என்ன நடந்தது தெரியுமா?

காணாமல் போன ஐந்தாண்டு

2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய தேர்தலை, இடஒதுக்கீட்டு விதி சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை, மேல்முறையீடு என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. கிராமப்புறத்தில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகர்ப்புறத்துக்கு எப்போது? 2022 பிப்ரவரி 19-ல்! ஐந்தாண்டுக்கு மேல் தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியிலும், ஒரு பேரூராட்சியிலும், ஒரு மாநகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். தேர்தல் நடத்தவில்லை என்பதால் மத்திய அரசு தரவேண்டிய மானியமும் நின்றது.

சகோதரர்களே! அந்த ஐந்தாண்டுகளில்தான் கொரோனா வந்தது. புயல் வந்தது. வெள்ளம் வந்தது. "எங்கள் வார்டுக்கு மெம்பர் எங்கே?" என்று எந்தத் தெருவில் கூட்டம் கூடியது? எந்த ரசிகர் மன்றம் மனுக் கொடுத்தது? நாமும்தான் எந்தத் தீர்மானம் போட்டோம்? ஒரு படம் ஒரு வாரம் தள்ளிப் போனால் ஊரே கொதிக்கிறது. ஒரு தேர்தல் ஐந்தாண்டு தள்ளிப் போனது, ஊர் தூங்கியது.

சரி, தேர்தல் வந்ததே, போய்ப் போட்டோமா? 2022 பிப்ரவரியில் மாநிலம் முழுதும் சராசரியாக 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சென்னை மாநகராட்சியில் 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. முந்திய ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டுப் போட்ட அதே ஜனங்கள்தான்! பெரிய முகத்துக்கு ஓட்டு. தெரு முகத்துக்கு ஓட்டு இல்லை. 2021-ல் பேரூராட்சியாக இருந்த திருநின்றவூரை நகராட்சியாக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியது. நகராட்சி என்றால் வரியும் கூடும், கேட்கும் உரிமையும் கூடும். வரி மட்டும் நமக்குத் தெரிகிறது, உரிமை தெரிவதில்லை.

போன மாதம் திருவள்ளூர் லோக்கலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தம்பி ஒருவர், ஒரு படம் முதல் நாள் எத்தனை கோடி, இரண்டாம் நாள் எத்தனை கோடி, வெளிநாட்டில் எத்தனை கோடி என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளை, நல்ல ஞாபகசக்தி. "தம்பி, உங்கள் வார்டு கவுன்சிலர் பேர் என்ன?" என்று கேட்டேன். முழித்தார். "உங்கள் வார்டு நம்பர்?" அதற்கும் முழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஹஜ்ரத், அதெல்லாம் எங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றார். தயாரிப்பாளர் வீட்டுக் கணக்கு பிள்ளைக்குத் தெரிகிறது. தன் வீட்டு வாசல் கணக்கு தெரியவில்லை!

நம் கோபமும் அங்கேதான்

"ஹஜ்ரத், இதெல்லாம் ரசிகர்களைப் பற்றியது, நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள். பொறுங்கள். நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1961-ல் 'பாவ மன்னிப்பு' வந்தபோது சிவாஜி ரஹீமாக நடித்தார். ஒரு முஸ்லிம் பெரியவர் வளர்த்த பிள்ளையாக, கண்ணியமான இளைஞனாகத் தமிழ்நாடே அந்த ரஹீமை ஏற்றுக்கொண்டது. பிறகு என்ன ஆனது? 1992-ல் 'ரோஜா', 1995-ல் 'பம்பாய்'. அதன் பின் வந்த எத்தனையோ படங்களில் தாடி வைத்தவன் ஒன்று பிரியாணிக் கடை பாய், அல்லது வெடிகுண்டு வைக்கிறவன். நடுவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், ஒரு லேத் பட்டறைக்காரர், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பிள்ளை என்று சாதாரண முஸ்லிமைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ரிக்‌ஷாக்காரனுக்கு எம்.ஜி.ஆர். கொடுத்த மரியாதை நமக்குக் கிடைக்காமல் போனது. இந்த வேதனை நியாயமானது. அதை மிகைப்படுத்தல் என்று சொல்பவர்கள், நம் பெயரைச் சொல்லி ஒருமுறை வாடகைக்கு வீடு தேடிப் பார்க்கட்டும்.

வேதனை நியாயம். வழி?

2013 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். 'விஸ்வரூபம்' வெளியாக இரண்டு நாள் இருக்கும்போது தமிழக அரசு தடை போட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் 144 உத்தரவு. உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு மறுபடி நிறுத்தியது. பிப்ரவரி 2-ல் பேச்சுவார்த்தை. ஏழு இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்டார்கள். பிப்ரவரி 7-ல் படம் வந்தது, நன்றாக ஓடியது. இரண்டு வாரம் தமிழ்நாட்டில் வேறு பேச்சே இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட நம் அமைப்புகள் ஒரே மேடையில் நின்றன.

அந்த ஒற்றுமையைப் பாராட்டுகிறோம். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டாமா? ஏழு இடத்தில் சத்தம் குறைந்தது. நம்மைப் பற்றி மற்றவர்கள் மனத்தில் இருந்த சத்தம் குறைந்ததா? படம் பார்க்க நினைக்காதவர்களும் என்னதான் இருக்கிறது என்று போய்ப் பார்த்தார்கள். நம்மோடு எந்தப் பகையும் இல்லாத சகோதரச் சமயத்தவர்கள்கூட, "படம் எடுக்கக்கூட விட மாட்டார்களா?" என்று கேட்டார்கள். லாபம் யாருக்குப் போனது என்று ஒவ்வொருவரும் தனிமையில் யோசித்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். படத் தணிக்கை செல்லுமா என்ற கேள்வியை 1970-ல் உச்சநீதிமன்றம் வரை கொண்டுபோனவர் க்வாஜா அஹ்மத் அப்பாஸ், ஒரு முஸ்லிம் பட இயக்குநர். தணிக்கை செல்லும் என்றார்கள். 1989-ல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் பட வழக்கில், சான்றிதழ் பெற்ற படத்தைப் போராட்டம் வரும், கலவரம் வரும் என்ற பயத்தைக் காட்டி நிறுத்தக் கூடாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே தெருவில் இறங்கித் தடை வாங்கினாலும் அது நிற்காது. மற்றொரு பக்கமும் உண்டு. மதத்தையோ இனத்தையோ இழிவுபடுத்தும் காட்சியும் சொல்லும் இடம்பெறக் கூடாது என்று 1991-ல் மத்திய அரசு வெளியிட்ட தணிக்கை நெறிமுறையே சொல்கிறது. அதைக் காட்டி எழுத்து மூலம் முறையிடலாம். வழக்குத் தொடுக்கலாம். பத்திரிகையில் விமர்சிக்கலாம். எல்லாவற்றையும் விட மேலாக, நம் பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவன் நம் வாழ்க்கையை எழுதலாம்.

படம் சொன்னதும், பக்கத்து வீடு சொன்னதும்

ஒரு படம் நம்மைப் பற்றிச் சொன்ன பொய்யை எது அழிக்கும்? இன்னொரு படமா? தடையா? நம் கண்முன்னே பதில் இருக்கிறது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து வைத்தன. யார், எந்த மதம் என்று கேட்காமல் படுக்க இடம் கொடுத்தார்கள், சோறு போட்டார்கள். நம் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் முதியவர்களைத் தோளில் சுமந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் கோயில்களுக்குள் படிந்த சேற்றையும் அள்ளிச் சுத்தம் செய்தார்கள். 2020-ல் கொரோனா வந்தது. ஆரம்பத்தில் நோயைக்கூட நம் தலையில் கட்டினார்கள். கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரையே சென்னையில் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். பெற்ற பிள்ளையே கிட்ட வரப் பயந்த அந்த நாட்களில், கவச உடை போட்டுக்கொண்டு இந்து உடலை மயானத்துக்கும், கிறிஸ்தவ உடலைக் கல்லறைக்கும், முஸ்லிம் ஜனாஸாவைக் கபரஸ்தானுக்கும் கொண்டு சேர்த்தவர்களில் முன்னால் நின்றவர்கள் யார்? நம் தொண்டர்கள்! அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு அழுத்திச் சொன்னார்கள் என்று மேடையில் பேசுகிறோம். அதை அந்தப் பிள்ளைகள் பேசாமல் செய்து காட்டினார்கள்.

திருநின்றவூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீடு பார்க்கப் போனது. வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கும் நேரத்தில் பெயரைக் கேட்டார். கேட்டதும், "சொந்தக்காரர் வருகிறார், மன்னிக்கணும்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார். "ஏங்க, வெள்ளத்துல நம்ம தெருவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தது இவங்க ஆளுங்கதானே? கொடுங்க" என்றார். வீடு கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பயந்தாரோ தெரியாது. அந்தப் பயத்தைப் போக்கியது ஒரு சோற்றுப் பொட்டலமும் ஒரு பக்கத்து வீட்டு அம்மாவும்!

ஆனால் இதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. வெள்ளம் வந்த பிறகு படகோடு ஓடுகிறோம். வெள்ளம் வராமல் இருக்கக் கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மழைக்கு முன் போனோமா? தொண்டு செய்கிறோம், உரிமை கேட்க மறந்துவிடுகிறோம்.

பட்டியலில் பேர் இருக்கிறதா?

கடைசியாக ஒன்று. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது 6 கோடியே 41 லட்சமாக இருந்த எண்ணிக்கை 5 கோடியே 43 லட்சமாக நின்றது. ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை! இறந்தவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் போக, இடம் மாறிவிட்டார், வீட்டில் ஆளில்லை என்ற காரணத்தில் போனவைதாம் அதிகம்.

இடம் மாறுகிறவன் யார்? வாடகை வீட்டுக்காரன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை சாமான் மூட்டை கட்டுகிறவன். திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை எங்கும் நிறைந்திருப்பவன். அலுவலர் பகலில் வரும்போது கம்பெனியில் இருப்பவன். எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாய், பாரிமுனைப் பக்கம் இருந்த பழைய வீட்டு விலாசத்திலேயே பேர் வைத்திருந்தார். படிவம் அங்கே போனது. அவர் இங்கே இருந்தார். "ஓட்டு இல்லாட்டி என்ன ஹஜ்ரத், நான் போடுற ஒரு ஓட்டுலயா எல்லாம் நடக்குது?" என்றார். "அம்மா, ஓட்டு இல்லாதவளை மெம்பர் மதிக்க மாட்டார், நாளைக்கு முதியோர் பென்ஷனுக்கு நீங்கள்தானே போய் நிற்க வேண்டும்" என்றேன். தெருவிலேயே படித்த ஒரு பிள்ளை, இந்துப் பிள்ளை, உட்கார்ந்து ஆறாம் நம்பர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தான். கால் மணி நேர வேலை! அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நாம் கொடுக்க மாட்டேன் என்கிறோம்.

எனவே...

புதிய நடிகர் வந்தால் ஆதரிப்பதா, பழைய கட்சியில் நிற்பதா என்று கேட்கும் இளைஞர்களே! அது உங்கள் உரிமை. யோசித்து முடிவு எடுங்கள். யாரை ஆதரித்தாலும் ரசிகனாக நிற்காதீர்கள்; கேள்வி கேட்கிறவனாக நில்லுங்கள். எந்தப் படம் வந்தாலும் வாரம் முழுக்க அதையே பேசாதீர்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து பேர் முன்வாருங்கள். உங்கள் வார்டு எண், கவுன்சிலர் பெயர், வாக்குச்சாவடி அலுவலர் பெயர் மூன்றையும் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தெருவில் எல்லா வீட்டுக்கும் போங்கள். நம் வீடு, அவர் வீடு என்று பிரிக்காதீர்கள். 2022-ல் வந்த விதிப்படி நகரங்களில் வார்டுக் குழு உண்டு, பகுதி சபை உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். நடக்காவிட்டால் நடத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கால்வாய்க்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். ஒரு தியேட்டர் டிக்கெட் விலைக்குப் பத்துக்கு மேல் மனு போடலாம்!

தியேட்டர் வாசலில் ஐநூறு பேர் கூடினால் போலீஸ் வரும். நகராட்சி வாசலில் எல்லா மதத்திலும் ஐம்பது பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை அமைதியாகப் போய் உட்கார்ந்தால் கமிஷனர் வருவார், பொறியாளர் வருவார், மழைக்கு முன்பே ஜே.சி.பி. வரும்.

அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் ஐம்பது பேரில் நீங்கள் இருக்கிறீர்களா?